வடக்கே கோலம், தெற்கே வழி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போன முதல் நாள் அது மூக்கைத் தாண்டி வெளியே குதித்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அங்கே புதிதாக ஓர் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. கட்டட வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் தொடங்குகிறார்கள், பயிற்சி பெற்ற டீச்சர் வேண்டும், இடவசதி உண்டு என்று சொல்லித்தான் என்னை அழைத்திருந்தார்கள். திருவள்ளூரில் ரயில் ஏறி, பட்டணத்தில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து, புழுதியில் நடந்து போய்ச் சேர்ந்தால், அந்த இடவசதி தரையில் சுருண்டு கிடந்தது. ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்துக் கூடாரம். அதுவரை சிமெண்ட் மூட்டைகளுக்குப் போர்வையாக இருந்ததாம். இரண்டு ஆட்கள் பிடித்து உதறியதில் எழுந்த தூசி அடங்குவதற்குள் நான் தும்மித் தும்மியே களைத்துப்போனேன்.

"இதுவா சார் காப்பகம்?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

"நிறுத்திட்டா காப்பகம்தாம்மா" என்றார் அவர்.

சிரிக்காமல் சொன்னார். அதனால்தான் அப்படியே திரும்பி ரயிலடிக்குப் போய்விடாமல் நின்றேன். போயிருந்தாலும் வீட்டில் என்ன காத்திருந்தது? அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம். எனக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்த வருஷம். பயிற்சி முடித்த சான்றிதழைத் தவிர என் கையில் வேறு எதுவும் இல்லை. கூடாரத்தில் உத்தியோகம் என்று பின்னால் கேள்விப்பட்டதும் அப்பா, "ஏண்டி, சாமான் வைக்கிற படுதாவுக்குக் கீழே உக்காந்துண்டு என்ன படிச்சுக் குடுக்கப் போறே? பேசாம அகத்துக்கு வந்து சேரு" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் நான் போகவில்லை. வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது சில சமயம் மனிதரைக் காப்பாற்றும்.

அந்தக் காப்பகம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் குழந்தைகளை மணல் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமர நிழலில் கிடத்திவிட்டு ஜல்லி சுமப்பார்கள். அப்படியொரு நாள், நடை பழகிய ஒரு குழந்தை தத்தித் தத்திச் சுண்ணாம்புக் குழியின் விளிம்புவரை போய்விட்டது. யாரோ காலைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தது. அதற்கு மறுநாள் இன்ஜினியர் கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் வாசலில் வந்து நின்ற பெண்கள் போகவில்லை. அவர்கள் நாற்று நட்ட நிலத்தில்தான் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. வயலும் இல்லை, சித்தாள் வேலையும் இல்லை என்றால் அடுப்பு எரியாது. குழந்தைகளுக்கு ஒரு பத்திரமான இடம், அம்மாக்களுக்கு வேலை என்று பேசி முடித்து, அந்தப் பேச்சின் பலனாக நான் வந்து சேர்ந்தேன்.

வாசலில் நின்றவர்களில் முதல் ஆள் ஒரு எளாவூர்க்காரி. பக்கத்து ஊரான எளாவூரிலிருந்து வருகிறவள் என்பதால் நாங்கள் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். நெடுநெடுவென்று உயரம். அவள் பேசினால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி இருக்கும். கையில் ஆறேழு மாதப் பையன். அவனைக் கீழே விடுவதற்கு அவளுக்கு மனமே வராது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. அவளுடைய முதல் குழந்தை நடக்க ஆரம்பிக்கும் முன்பே ஜுரத்தில் போய்விட்டது.

கூடாரம் நிறுத்துவதற்கு நாள் பார்த்தோம். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்துக் கொடுத்தது நான்தான். மடப்பள்ளிக்காரர் மகளுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? அடுத்தது வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்வி. கிழக்குப் பக்கம் கம்பி கட்டுகிற இடம், முறுக்கிய கம்பிகள் முள்ளாய்க் கிடந்தன. மேற்கே அந்தச் சுண்ணாம்புக் குழி. தெற்கு என்ற பேச்சே எழவில்லை, எமன் திசைக்கு யார் வாசல் வைப்பார்கள்? பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"வடக்கு வாசல் குபேர வாசல். யோசிக்கவே வேணாம் நைனா, கயித்தப் பிடி."

அவருக்கு ஆண்பிள்ளைகள் எல்லாரும் நைனாதான். எல்லாருக்கும் பரம திருப்தி. எனக்கும்தான். பெண்கள் நடுக்கம்பத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, தேங்காய் உடைத்தார்கள். மரமுளைகளை நேர்குத்தாக அடித்து, கயிறுகளை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. புரட்டாசி முழுக்க அந்தக் கூடாரத்துக்குள் பாட்டும் கதையும் பால் பவுடர் வாசனையுமாக ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. எளாவூர்க்காரி மட்டும் ஜல்லிச் சட்டியோடு இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையை நுழைத்து, "இன்னா பண்றான் எம் புள்ள?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஐப்பசி பிறந்தது. குபேரன் வந்தானோ இல்லையோ, வடக்கு வாசல் வழியாக வாடை வந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஐப்பசிக் காற்றுக்கு அம்மி எல்லாம் வேண்டாம், கூடாரமே போதும். மத்தியானம் மழை பிடித்தது. வாசல் வழியாக நுழைந்த காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளே நிறைந்துகொண்டே போயிற்று. கித்தான் தலையணை போல உப்பியது. நனைந்த கயிறுகள் சுருங்கி முறுக்கேறின. நேராக அடித்த முளைகள் ஈர மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பல் பிடுங்கின மாதிரி கழன்றன. கூடாரம் ஒரு மூச்சு எழும்பிவிட்டு எங்கள்மேல் படுத்துக்கொண்டது. நல்லவேளை, நடுக்கம்பம் காலியாக இருந்த பக்கம் சாய்ந்தது. முகட்டுக் கழியில் கட்டியிருந்த தூளிகளிலும் அந்த நேரம் குழந்தைகள் இல்லை, கஞ்சி குடிக்க எல்லாரையும் கீழே உட்கார வைத்திருந்தேன். கித்தானுக்கு அடியில் இருட்டில் தவழ்ந்து ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்தேன். பெரிய குழந்தைகள் ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

வெளியிலிருந்து அம்மாக்கள் கித்தானைத் தூக்கினார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. எளாவூர்க்காரி தன் பையனை வாரி எடுத்து முகத்தையும் மார்பையும் தடவிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கும்மா. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. தை பொறந்ததும் தகரக் கொட்டகை போட்டுத் தரணும்னு மேல எழுதிக் கேட்டிருக்கேன். அதுவரைக்கும் இது நிக்கணும். இன்னொரு தரம் விழுந்தா காப்பகம் கிடையாது. கைக்குழந்தைக்காரங்க யாருக்கும் வேலையும் கிடையாது. என்னால வேற எதுவும் செய்ய முடியாது."

முழு மழைக்காலமும் எங்கள் முன்னால் கிடந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை அந்தக் கூடாரத்தின்மேல் திருப்பிவிட்டேன். ஒரு துணிமூட்டை என்னை வீட்டுக்கு அனுப்புவதா? பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

விழுந்த கூடாரத்தை அவசரத்துக்குப் பழையபடியே நிறுத்தி வைத்தோம். வானம் வெளுத்திருந்த அடுத்த சில நாட்களில் அந்தக் கூடாரத்தைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. நாஷ்டா வேளையில் பேச்சு, டீ வேளையில் பேச்சு. பட்டால்தான் புத்தி வரும் என்பது உண்மை. பட்ட பிறகு ஆளுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

கயிறு விஷயம் எனக்கே பிடிபட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தும் கொடி வெயிலில் தொங்கும், மழை நாளில் விறைத்துக்கொள்ளும். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். அதை முன்கூட்டியே இழுத்துக் கட்டினால் அது முளையைத்தான் பிடுங்கும். ஆகவே தூறல் விழும்போது இளக்க வேண்டும், வெயில் வந்ததும் இழுக்க வேண்டும். முளையைக் கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்கச் சொன்னார் இன்ஜினியர், நோட்டுக் காகிதத்தில் படம்கூட வரைந்து காட்டினார். எளாவூர்க்காரி வைக்கோல் போருக்கு வெட்டுகிற மாதிரி சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிட வழி செய்ய வேண்டும் என்றாள். மேஸ்திரிக்கு வேறொரு யோசனை. காலி சிமெண்ட் பையில் மணல் நிரப்பி, கயிற்றின் நுனியை அதன் இடுப்பில் கட்டி, ஆழக் குழி வெட்டிப் படுக்கப்போட்டு மூடிவிட வேண்டும்.

"பொணத்த பொதைக்கிற மாரி பொதைச்சிடணும். அப்புறம் எந்தக் காத்து வந்தாலும் ஏந்திரிக்காது" என்றார்.

"கொயந்தைங்க இருக்கிற எடத்துல இன்னா பேச்சு பேசற மேஸ்திரி? வாய கழுவு!" என்று பெண்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். ஆனால் யோசனையை எடுத்துக்கொண்டார்கள்.

வாசலைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது உறைக்கவில்லை. ஒரு நாள் காலை, தங்கியிருந்த வீட்டிலிருந்து வேலைக்கு நடந்து வருகிறேன். லேசான தூறல், நல்ல காற்று. குடையை வடக்கே சாய்த்துக் காற்றுக்கு முதுகைக் காட்டிப் பிடித்தபோது அது சமர்த்தாக நின்றது. ரயில் பாதையைத் தாண்டித் திரும்பியபோது நான் பராக்குப் பார்த்ததில் குடையின் வாய் காற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. அவ்வளவுதான், கம்பிகள் எல்லாம் மேலே மடங்கி, என் கையில் ஒரு காளான். அதைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் அசடு மாதிரி நின்றேன். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

"வாசல் தப்பு!" என்று கத்தினேன். "காத்து வர்ற பக்கம் வாயைத் திறந்து வெச்சிருக்கோம். வடக்கை மூடணும். வாசலைத் தெக்கே திருப்பணும்."

ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி துண்டை உதறினார், ஆனால் தீர்ப்பு எதுவும் வரவில்லை. எளாவூர்க்காரிதான் பேசினாள்.

"இன்னா டீச்சரம்மா, படிச்சவ பேசற பேச்சா இது? தெக்க பாத்த வாசல்ல எவளாவது கொயந்தய படுக்க வெப்பாளா?"

"காத்து தெக்கேருந்து வரலையே. வடக்கேருந்துதானே வருது."

"காத்து வந்தா கூடாரம்தான சாயும்? தெக்க வாசல் வெச்சா..." பையனை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "மொத புள்ளைய பறிகுடுத்தவ நானு. எனக்கு வேலையே வேணாம். அந்த வாசல்ல இவன போட மாட்டேன்."

"போடாதே, போ. கூடாரம் விழுந்து நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போறோம். உன் எமனும் நீயும் நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் தேவலை. கத்தாமல் போய் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்தாள். மற்றப் பெண்களும் வேலைக்குப் போனார்கள். அவள் சம்மதிக்காமல் அவர்களில் ஒருத்தியும் சம்மதிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வடக்கே வாசல் இருந்தால் கூடாரம் விழும், அவளுக்கு வேலை போகும். தெற்கே வைத்தால் அவள் குழந்தையை விடமாட்டாள், அப்போதும் வேலை போகும். வடகிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. எனக்கு அழாத குறை.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவளே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போட்டு முடித்த முகம்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன், சொல்லு. வாசல்னா எது?"

"எது?"

"உள்ள போற வழியெல்லாம் வாசலா? எங்க ஊட்ல பின்னாடி சந்து வழியாத்தான் எல்லாரும் போறாங்க வராங்க. அத்த யாரும் வாசல்னு சொல்லமாட்டாங்க. கோலம் போடற எடந்தான வாசல்?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், பல் எல்லாம் தெரிய.

"வடக்கையே வாசல் இருக்கட்டும். தச்சி மூடிடு. நான் தெனம் கோலம் போடறேன். தெக்க ஒரு சந்து வெச்சிக்கோ, போக வர. சந்துக்கு எமன் வரமாட்டான்."

"வந்தா?"

"வந்தா கோலம் எங்க கீதுன்னு தேடிக்கினு வடக்க போவான். அங்க வழி கெடையாது. திரும்பிப் போவட்டும்."

நான் படித்த சாஸ்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தெரியாது. அப்பாவிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கே கூடாரத்தைப் பிரித்தோம். இந்த முறை நேரம் காலம் பார்க்கவில்லை, மேகத்தைத்தான் பார்த்தோம். கொஞ்சம் மேடான இடமாக நகர்த்தி, பழைய வாசல் வடக்கே இருக்கும்படியே நிறுத்தினோம். அதைக் கோணி ஊசியாலும் சணல் கயிற்றாலும் இரட்டைத் தையலாகத் தைத்து மூடி, தெற்கே கித்தானின் ஒரு தையலைப் பிரித்துச் சந்து விட்டோம். நடுக்கம்பம் ஈர மண்ணில் இறங்காமலிருக்க அடியில் ஒரு தட்டைக் கல். மணல் மூட்டைகளை ஆழக் குழி வெட்டிப் படுக்க வைத்து, மண்ணைப் போட்டுப் போட்டுக் கெட்டிப்படுத்தினோம். கித்தானின் ஓரம் காற்றில் எழும்பாமல் சுற்றிலும் மணல் பைகள் வைத்தோம். தூளிகளை முகட்டில் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மூங்கிலை முக்காலியாகக் கட்டி, அவற்றில் தனியாகத் தொங்கவிட்டோம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டியது முழுக்கப் பெண்கள்தான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்ட கைகள், சரிவு வாட்டம் பார்த்து வெட்டுவதில் தப்பே வராது.

பேஜாரு குழந்தைகளால்தான். கித்தான் நனைந்தால் நூல் உப்பித் தண்ணீரை நிறுத்திவிடும். ஆனால் உள்ளேயிருந்து ஒரு விரல் பட்டால் போதும், அந்த இடத்திலிருந்து சொட்ட ஆரம்பிக்கும். தொடாதே என்று சொன்னால் தொடாத குழந்தை உலகத்தில் உண்டா? குரங்கு கையில் பூமாலைதான். முதல் தூறலிலேயே சுவரெல்லாம் விரல் விரலாகச் சொட்டியது. கடைசியில் ஓரத்திலிருந்து ஒரு கை தூரத்துக்குப் பானை, பாய், மூட்டை என்று அடுக்கி வேலி போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் எளாவூர்க்காரி வந்து, தைத்து மூடிய வடக்குப் பக்கம் தெளித்துக் கோலம் போட்டாள். மாவிலைத் தோரணமும் கட்டினாள். அப்புறம் சுற்றிக்கொண்டு தெற்கே வந்து, குனிந்து, "சந்து" வழியாகப் பையனைக் கொண்டுவந்து தூளியில் போட்டாள். மற்றவர்களும் அதே போலச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஏதோ பெரிய பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது. பந்தயம் இன்னும் தொடங்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அது கார்த்திகையில் தொடங்கியது. காலையிலேயே வெளிச்சம் மங்கி, கடல் பக்கத்திலிருந்து ஒரு உறுமல் வந்தது. நாஷ்டா நேரத்துக்குள் பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைவிரித்துக்கொண்டு நின்றன. முதல் தூறல் விழுந்ததும் நான் வெளியே ஓடிக் கயிறுகளை ஒவ்வொன்றாக இளக்கினேன். புடவை முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. வேலையை நிறுத்தச் சொல்லி மணி அடித்தார்கள். அம்மாக்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கூடாரத்துக்கு வந்தார்கள்.

காற்று வந்து மோதியது. மூடிய முதுகில் மோதி, இரண்டு பக்கமும் வழிந்து போயிற்று. கித்தான் படபடத்தது, ஆனால் உப்பவில்லை. வாய்க்காலில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. நான் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்து, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தேன். பாட்டு அவர்களுக்காக இல்லை, எனக்காக.

வடகிழக்கு மூலையில் இருந்த பெண் திடீரென்று கத்தினாள். அந்த மூலையில் மூட்டை புதைத்த இடம் முன்பு யாரோ பள்ளம் வெட்டி மூடிய மண் போலிருக்கிறது. மழை ஊற ஊறப் பிளந்து, ஒவ்வொரு காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது. காற்று மோதுகிற மூலை அதுதான். அது போனால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும்.

எளாவூர்க்காரி தூளியைப் பார்த்தாள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். "பாத்துக்கம்மா" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போய், பிளந்த மண்ணின்மேல் ஏறி நின்றாள். கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஜல்லி கொண்டாங்கடீ!" என்று கத்தினாள்.

நல்லவேளை, ஜல்லிக் குவியல் பக்கத்திலேயே இருந்தது. பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். இரும்புச் சட்டி கை மாறிக் கை மாறி வந்தது. மாடி மாடியாகக் கான்கிரீட் ஏற்றுகிற அதே வரிசை, அதே வேகம், ஒரு சட்டிகூடக் கீழே விழவில்லை. மேஸ்திரியும் ஓடிவந்து நடுவில் நின்றுகொண்டார். அவள் காலடியில் ஜல்லி குவிந்தது. அவள் ஒரு காலை எடுத்து மேலே வைப்பாள், மறுபடியும் ஜல்லி விழும். கடைசியில் அவள் ஒரு சின்ன ஜல்லிக் குன்றின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கயிறு அதற்கப்புறம் அசையவில்லை. இந்த மண்ணில் இவ்வளவு கெட்டியான பெண்கள் இருக்கும்போது நான் எதற்காகப் பயந்தேன் என்று அப்போது தோன்றியது. சந்தோஷத்தில் பாட்டை மறந்துவிட்டேன். குழந்தைகள்தான் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்கள்.

அப்போது வடக்குப் பக்கத்தில் யாரோ கித்தானைத் தட்டினார்கள்.

"வாசல் எங்கம்மா? வாசல் எங்க?"

இன்ஜினியரின் குரல். அவருடைய ஆபீஸ் கொட்டகையின் கீற்று முழுவதும் காற்றில் போய்விட்டிருந்தது. வரைபடச் சுருள்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்தவர், தோரணத்தைப் பார்த்து அங்கேதான் வாசல் என்று தடவிக்கொண்டிருந்தார்.

"வாசல் அதுதான் சார்!" என்று எளாவூர்க்காரி ஜல்லிக் குன்றின் மேலிருந்து கத்தினாள். "வழி தெக்க கீது. சுத்திக்கினு போங்க!"

சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து உள்ளே நுழைந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. சுருள்களைப் பாயின்மேல் வைத்து, ஒரு குழந்தை அதை எடுக்கப் போனதும் மெதுவாகத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். மழை தணிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் காற்று அடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக, முந்தானையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். எளாவூர்க்காரி கடைசியாக வந்தாள். உடம்பெல்லாம் ஈரம் என்பதால் பையனைத் தூக்கவில்லை. தூளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவன் கையை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

இன்ஜினியர் எழுந்தார்.

"தை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்மா. மேலே நானே பேசிக்கிறேன். மழை விட்டதும் கொட்டகைக்கு அஸ்திவாரம் வெட்டச் சொல்றேன்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "வாசல் எந்தப் பக்கம் வெக்கணும்? எனக்குத் தெரிஞ்சு தெக்குதான் சரி. ஆனா நீங்க யாரும் ஒத்துக்க மாட்டீங்களே" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. மேஸ்திரியும் துண்டை உதறவில்லை. எல்லாரும் எளாவூர்க்காரியைத்தான் பார்த்தோம்.

அவள் தூளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெக்கயே வைங்க சார்" என்றாள். "சந்து இல்ல, வாசலாவே வைங்க. இம்மாம் காத்துக்கும் எம் புள்ள முழிக்கவே இல்ல."